இருபத்தொன்பது வயதில் பூட்டப்பிள்ளை கண்டவர்

தலைமன்னாருக்கு ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கின வருசம். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டே முக்கால் இருக்கும். மன்னார் டவுனுக்கும் தீவின் வடகரையில் இருக்கிற எங்கள் ஊருக்கும் நடுவில் உள்ள ஒரு ரயில் கடவையில், கேற் போட்டிருந்தபடியால் ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு நின்றேன். காலடியில் ஒரு காட்போட் பெட்டி. அதற்குள் நூற்றைம்பது கல்வெட்டுப் புத்தகம். பத்தரைக்கு எங்கள் கோயிலில் பூசை. ரயில் வரும்வரைக்கும் சும்மா நிற்பானேன், என் எழுத்தை நானே ஒருக்கால் ரசிப்போம் என்று ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தேன். அந்த நிமிசத்தில் வந்த நடுக்கத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது.

இருங்கள், முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கு எப்போதும் நடுவில் பாய்ந்து சொல்லித்தான் பழக்கம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் பூசை வைத்து, வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு கொடுத்து, கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். அட்டையில் செத்தவரின் படம், உள்ளே ஒரு செபம், நடுவில் அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி. அட்டையில் ‘நினைவு மலர்’ என்று அடித்திருந்தாலும் எல்லார் வாயிலும் அது கல்வெட்டுத்தான். ஊர் நூலகத்துக்கு நான் பொறுப்பாக இருந்தபடியால், எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று சனம் நினைத்தது. சனம் நினைத்ததோ இல்லையோ, நான் நினைத்தேன். பன்னிரண்டு வருசத்தில் நாற்பது கல்வெட்டாவது எழுதியிருப்பேன். ஒரு சதமும் வாங்குவதில்லை, பெருமை மட்டும்தான்.

“கடலன்னையின் மடியில் தவழ்ந்து, கத்தோலிக்க விசுவாசத்தில் வேரூன்றி, இல்லறமெனும் நல்லறத்தில் இன்புற்று” என்று தொடங்கினேன் என்றால் மூச்சு விடாமல் நாலு பக்கம் போகும். என்னுடைய மனுசன் கரையில் மீன் வாங்கி ஏற்றுகிற வாடியில் ஐஸ் அடிக்கிற வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு, வாய் மட்டும் எம்.ஏ. ஒருநாள் என் கல்வெட்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இஞ்சாரும், உம்மட கல்வெட்டில செத்தது எல்லாம் ஒரே ஆள்தான். படத்தை மட்டும் மாத்திறீர்” என்றார். அன்றிரவு அவருக்கு வைத்த குழம்பில் உப்புப் போட மறந்துபோனேன். வேணுமென்றே மறந்தேன்.

ஐப்பசிக் கடைசியில் எங்கள் ஊரில் ஒரு இளம் குடும்பஸ்தன் போய்ச் சேர்ந்தான். வயது இருபத்தொன்பது. மூன்று பேராகக் கடலுக்குப் போன வள்ளத்தில் இடி விழுந்து, மற்ற இரண்டு பேரும் தப்பிவிட்டார்கள், இந்தத் தம்பி மட்டும் போய்விட்டான். மனைவிக்கு இருபத்தைந்து வயது. இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஊரே வாயடைத்துப் போயிருந்தது. எனக்கு அந்தத் தம்பியை முகப்பழக்கம்தான். நூலகப் பக்கம் அவன் வந்ததில்லை. மோட்டார்சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் பிள்ளையை இருத்திக்கொண்டு நூலக வாசலால் போவான், பிள்ளை எனக்குக் கை காட்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து அந்தத் தம்பியின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். குழந்தை மேசையில் கிடந்த பேப்பர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“அக்கா, பெரிய தமிழ் ஒண்டும் வேண்டாம். இவளுக்கு அவற்ர முகம்கூட ஞாபகம் இராது. வளந்து எழுத்துக்கூட்டி வாசிக்கேக்க, அப்பா எப்பிடிப்பட்ட ஆள் எண்டு அதில இருக்கோணும். எனக்கு அது காணும். நான் இருந்து சொல்லட்டே?”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தி, பேனையை எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “நீ களைச்சுப் போயிருக்கிறாய் பிள்ளை, வீட்டை போய்ப் படு. அக்கா பாத்து எழுதிறன்” என்று முதுகைத் தடவி அனுப்பிவிட்டேன். பாவம், துக்கத்தில் ஏதோ சொல்கிறது, கல்வெட்டென்றால் கல்வெட்டு மாதிரி இருக்க வேண்டாமா என்பது என் எண்ணம்.

அதற்கு ஒரு மாதம் முதல்தான் எண்பத்து நாலு வயதில் செத்துப்போன ஒரு பெரியவருக்கு எழுதியிருந்தேன். அது அருமையாக வந்திருந்தது. நூலகக் கொம்பியூட்டரில் அதைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். தாய் தகப்பன் பெயரை மாற்றினேன். திகதிகளை மாற்றினேன். ‘ஐந்து பிள்ளைகள்’ என்பதை ‘அருமை மகள்’ ஆக்கினேன். இருபது நிமிசத்தில் வேலை முடிந்தது. டவுனில் இருக்கிற அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று. புரூப் வந்தபோது பெயர்களை மட்டும் இரண்டு தரம் பார்த்தேன், ஏனென்றால் பெயரில் பிழை விட்டால் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார்கள். வரலாற்றை வாசிக்கவில்லை. அது எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இப்போது ரயில் கடவைக்கு வருவோம்.

விரித்த புத்தகத்தில் முதல் இரண்டு பக்கமும் தேனாக ஓடியது. மூன்றாவதில் இந்த வரி: “பேரப்பிள்ளைகளையும் பூட்டப்பிள்ளைகளையும் கண்டு களித்து, முதுமையின் தளர்ச்சியிலும் செபமாலையைக் கைவிடாது, நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்தார்.”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தொன்பது வயதுத் தம்பி சிரித்துக்கொண்டு நின்றான்.

ரயில் வந்தது, போனது. நான் காணவில்லை. கேற் திறந்து, பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போய், “அக்கா, வீட்டை போய் வாசியுங்கோவன்” என்று கத்தினபிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. முதலில் வந்த யோசனை, கறுப்பு மார்க்கர் வாங்கி நூற்றைம்பது புத்தகத்திலும் அந்த வரியை அழிப்பது. இரண்டாவது யோசனை, உயிலங்குளத்தில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஒளித்திருப்பது. உண்மையாகத்தான் சொல்கிறேன், ஸ்கூட்டியை எந்தப் பக்கம் திருப்புவதென்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு டவுன் பக்கம் திருப்பி முறுக்கினேன். வழியில் கழுதைகள் இரண்டு குறுக்கே நின்றன. “உங்களைக் கும்பிட்டன், தள்ளுங்கோ” என்று அதுகளோடும் சண்டை பிடித்தேன்.

அச்சகம் உப்புக்குளத்தில் ஒரு ஒழுங்கைக்குள். அதை நடத்தினவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. இடம்பெயர்ந்து இருபது வருசம் புத்தளத்தில் இருந்துவிட்டு, சொந்த மண்ணில்தான் தொழில் செய்வேன் என்று திரும்பி வந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். அட்டையைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார். சிரிக்கவில்லை.

“தங்கச்சி, இத நான்தான் அடிச்சன். நானும் வாசிக்கல்ல” என்றார்.

பாதிப் பிழையை அவர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி புத்தகத்தைப் பிரித்து, நடுவில் குத்தியிருந்த இரண்டு பின்னையும் காட்டினார். புத்தகம் மொத்தம் இரண்டு தாள்தான். வெளித்தாளில் படமும் செபமும் நன்றியும். என் வரலாறு முழுக்க நடுத்தாளில். பின்னைக் கழற்றி நடுத்தாளை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை அடித்து, போட்டோக்கொப்பி மெசினில் நூற்றைம்பது எடுத்து, திரும்பப் பின் குத்தினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பூசை பத்தரைக்குத் தொடங்கினாலும் முடியப் பதினொன்றரை ஆகும். கோயில் வாசலில்தான் புத்தகம் கொடுப்பது. நேரம் இருக்கிறது.

எனக்கு உயிர் வந்தது. நானா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, விரல்களை விசைப்பலகையில் வைத்து, “சொல்லுங்க, அடிக்கிறன்” என்றார்.

வாயைத் திறந்தேன். “கடலன்னையின் மடியில் தவழ்ந்து...”

நானா கையை எடுத்துவிட்டார். “அது எல்லாருக்கும் வாறது தங்கச்சி. போன மாசம் அந்த அப்புவுக்கும் இதத்தான் அடிச்சம். இந்தத் தம்பி எப்படி ஆள்?”

நான் யோசித்தேன். சுவரில் மணிக்கூடு ஒன்பது பத்து காட்டியது. யோசித்துக்கொண்டே இருந்தேன். மோட்டார்சைக்கிள் தாங்கியில் பிள்ளை, அதைவிட ஒன்றும் வரவில்லை. ஒரு மனுசனுக்கு நாலு பக்கத்தில் வாழ்க்கை வரலாறு எழுதி அச்சடித்திருக்கிறேன், அந்த மனுசனைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியாது. நாற்பது கல்வெட்டு எழுதின என் பெருமை அந்தக் கதிரையிலேயே கரைந்துபோனது. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது.

அந்தப் பெண்ணிடம் கேட்க முடியாது. பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பவளிடம் போனில் என்னத்தைச் சொல்வது? என் மனுசனுக்குப் போன் அடித்தேன். அவர் பகிடி விடுவார், அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பகிடி விடவில்லை. “போனை வையாதையும்” என்று மட்டும் சொன்னார். நானாவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன், என் மனுசன் ஓடுகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது.

அன்றைக்கு அந்தத் தம்பிக்காக எங்கள் கரையில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பூசை மணி அடிக்கும்வரைக்கும் வலைக்கொட்டிலில் குந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் மனுசன் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர்களுக்கு நடுவில் பிடித்து, “அவன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு கெதியாச் சொல்லுங்கோ, நேரமில்லை” என்று சத்தம் போட்டார்.

 முதலில் அவன் போன வள்ளத்தின் சொந்தக்காரர், சம்மாட்டியார், போனுக்குக் கிட்ட வந்தார். “நல்ல பிள்ளை” என்றார். நானா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அது காணாது என்கிற மாதிரி. “அப்பு, நல்ல பிள்ளை எண்டா என்ன செய்வான்?” என்று கேட்டேன்.

“என்ன செய்வானோ? என்ர நங்கூரக் கயிறு முழுக்கப் பழுதாக்கினவன்” என்றார் சம்மாட்டியார்.

கொட்டிலில் சிரிப்புச் சத்தம். பிள்ளைக்குத் தலைமயிர் வளரத் தொடங்கியதும் அதற்குப் பின்னல் பின்ன வேண்டுமென்று அவனுக்கு ஆசை வந்திருக்கிறது. கை வராது. வலை விட்டுவிட்டு மற்றவர்கள் வள்ளத்தில் கண் அயர, இவன் கயிற்றை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு பின்னிப் பின்னிப் பழகுவானாம். வள்ளத்தில் இருந்த கயிறெல்லாம் பின்னல். நங்கூரம் போடப் போனால் அவிழ்க்க ஒரு பாட்டம் வேண்டும். “எத்தினை தரம் ஏசினன் பிள்ளை. ஏசினா, ‘இது கடைசி, அப்பு’ எண்டுவான்” என்றார்.

நான் எழுதத் தொடங்கினேன். நானாவின் மேசையில் கிடந்த யாரோ ஒருவரின் கலியாணக் கார்ட் புரூப்பின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டே போனேன். ஒருவர் வாய் திறந்ததும் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டது. இனி ஆளுக்கு ஆள் போனைப் பறிக்கிறார்கள்.

வாடி முதலாளி பறித்தார். சனிக்கிழமைகளில் முதல் மீன் நிறுக்க முதல், தராசில் ஒரு சாக்கை விரித்துப் பிள்ளையை இருத்தி நிறுத்துப் பார்ப்பானாம். நிறையை வாடிச் சுவரில் கரியால் எழுதி வைப்பானாம். “என்ர சுவர் முழுக்க அவன்ர பிள்ளைதான். வெள்ளை அடிக்கவும் விடமாட்டான். கிளினிக் மிஸ் வீட்டை வந்து பிள்ளையின்ர நிறை எழுதிற காட் கேட்க, ‘காட் துலைஞ்சிட்டுது, சுவரில இருக்கு, வந்து பாருங்கோ’ எண்டு இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திட்டான்” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் பறித்தார். குழந்தை கைப்பிள்ளையாக இருந்தபோது கழுதை கத்தினால் திடுக்கிட்டு எழும்பி அழுமாம். எங்கள் தீவில் கழுதைக்கா பஞ்சம்? பின்னேரங்களில் இவன் ஒழுங்கையில் நிற்கிற கழுதையை எல்லாம் தோட்டத்துப் பூசணிக்காயைக் காட்டிக் காட்டிப் பழைய சவக்காலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவானாம். பிறகு பிள்ளைக்குக் கழுதைப் பயம் போய்விட்டது, ஆனால் கழுதைகள் பூசணிக்காயை மறக்கவில்லை. பின்னேரமானால் அவன் வீட்டுப் படலையில் வந்து நிற்குமாம். இதைக் கேட்டு நானா சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கில் இருந்து இறங்கிவிட்டது.

இடி விழுந்த அன்றைக்கு அவனோடு வள்ளத்தில் இருந்து தப்பின இரண்டு பேரில் ஒருவர் போனை வாங்கினார்.  “அக்கா, அண்டைக்கும் பின்னிக்கொண்டுதான் இருந்தவன்” என்றார். அதோடு போனைக் கொடுத்துவிட்டார். அதை நான் கல்வெட்டில் போடவில்லை. இப்போதுதான் முதல்தரம் எழுதுகிறேன்.

 பிறகு ஒரு புதுக் குரல், கோபக் குரல். “தாருங்கோ இஞ்ச” என்று பறித்தது. “அக்கா, எனக்கும் அவனுக்கும் ஒரு வருசமாக் கதை பேச்சில்ல. வலை அறுத்த பிரச்சினை. அது அவன்ர பிழைதான், இப்பவும் சொல்லுவன். ஆனா வைகாசியில என்ர சின்னவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திட்டுது. நடுப்பகல். ஒரு வாகனமும் இல்லை. றோட்டில பிள்ளையோட நிண்டு கத்திறன், அப்ப இவன் மோட்டார்சைக்கிளில வந்து...”

கட். என் போனில் காசு முடிந்துவிட்டது.

நான் போனை மேசையில் அடித்தேன். எனக்கு அப்போது ஒரு வெறி பிடித்திருந்தது. அந்த மோட்டார்சைக்கிள் வந்து என்ன செய்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. நானா தன் போனை நீட்டினார். என் மனுசனின் நம்பர் எனக்குப் பாடமில்லை, பதினாறு வருசம் கலியாணம் முடித்த மனுசனின் நம்பர். காசு முடிந்த போனிலேயே நம்பரைத் தேடி எடுத்து அடித்து, “அவரிட்டக் குடுங்கோ, அவரிட்டக் குடுங்கோ” என்று கத்தினேன்.

“...வந்து பக்கத்தில நிப்பாட்டினான்” என்று அந்த மனுசன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். “ஏறச் சொல்லேல்ல. பின்சீற்றில கையால தட்டிக் காட்டினவன். ஏறினன். பெரியாஸ்பத்திரி மட்டும் பறந்தவன். அரை மணித்தியாலம் ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. டொக்டர் பிள்ளைக்குப் பயமில்லை எண்டு சொல்லும்வரைக்கும் வெளியில நிண்டவன். பிறகு போயிட்டான். அடுத்த நாள் கரையில என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினவன். நானும் திருப்பினன். அக்கா, அதை எழுதுங்கோ. நான் சொன்னதெண்டும் எழுதுங்கோ.” கடைசிச் சொற்கள் சரியாகக் கேட்கவில்லை, அவர் அழுதுகொண்டிருந்தார்.

கடைசியில் போன் என் மனுசனிடம் திரும்பி வந்தது. “நானும் ஒண்டு சொல்லட்டே?” என்று கேட்டார். என்னிடம் அவர் அனுமதி கேட்டது அன்றைக்குத்தான். “கடலால வந்தா என்னட்ட ரெண்டு தேசிக்காய் வாங்கி, வாடிக் கிணத்தில மீன்மணம் போகத் தேய்ச்சுக் குளிச்சிட்டுத்தான் வீட்டை போவான். வாசலில பிள்ளை ஓடிவந்து பாய்ஞ்சிடும், தேய்க்க நேரமிராது எண்டுவான். அவனுக்கெண்டு நான் தேசிக்காய் எடுத்து வைக்கிறனான். இப்பவும் பழக்கதோசத்தில எடுத்து வைக்கிறன்.” ஒவ்வொரு நாளும் ஒரே பாயில் படுக்கிற மனுசன், இதை எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஒன்பது ஐம்பது. அலங்காரம் யோசிக்க நேரமில்லாதபடியால், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன், நானா அடித்தார். ‘கயிற்றில் பின்னல் பழகினவர்’ என்று தொடங்கியது. ‘ஒரு வருசம் பேசாமல் இருந்தவரின் பிள்ளையைப் பேசாமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்’ என்று போனது. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கல்வெட்டில் ‘கழுதை’ என்ற சொல்லும் வந்தது. நானா ஒரு கணம் நிறுத்தி, “கழுதை இருக்கட்டுமா?” என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

போட்டோக்கொப்பி மெசின் ஓட ஓட, நானாவும் நானாவின் மனைவியும் நானும் நிலத்தில் இருந்து பின் கழற்றினோம். நூற்றைம்பது புத்தகம், கிட்டத்தட்ட முந்நூறு பின். என் நகம் இரண்டு போனது. நானாவின் மனைவி சமையல் கத்தி முனையால் டக் டக் என்று கழற்றின வேகத்தில் ஒரு மெசின் வைத்திருந்தாலும் தோற்றுப்போயிருக்கும். பதினொன்றுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது கடைசிப் புத்தகத்துக்குப் பின் குத்தினோம். பழைய நடுத்தாளை எல்லாம் நானா கிழித்துப் போட்டார். முதலில் விரித்த அந்த ஒரு புத்தகத்தை மட்டும் நான் பிரிக்க விடவில்லை. என் மடைத்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று கைப்பைக்குள் வைத்தேன்.

வெளியில் வந்தால் மழை. கார்த்திகை மழை என்றால் சும்மா மழையா? நானா கடைக் கதவை இழுத்துப் பூட்டி, பெட்டியைத் தறப்பாளால் சுற்றி, தன் ஓட்டோவில் ஏற்றினார்; என் ஸ்கூட்டி அச்சக வாசலிலேயே நின்றது. தலைமன்னார் றோட்டில் அந்த ஓட்டோ போன போக்கை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவ்வளவு அமைதியான மனுசன், குழியெல்லாம் பாய்ந்து போகிறார். நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்கிறேன், அவர் முன்னால் இருந்து தன் பாட்டில் ஓதுகிறார். கோயில் வாசலில் நிற்பாட்ட, உள்ளே கடைசிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் தொப்பலாக நனைந்தபடி வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். மழைக்குச் சனம் வெளியில் போக ஏலாமல் கோயில் விறாந்தையிலேயே நின்று வாசிக்கத் தொடங்கியது. முதலில் கரைக்காரர் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு பெண்கள் பக்கம். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் சிரிக்கிறதைக் கண்டு பூசை வைத்த சுவாமி விறைத்துப்போய் வந்தார். ஒருவர் கையிலிருந்ததை வாங்கி வாசித்தார். கழுதை வந்த இடத்தில் அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் பார்த்தது அந்தப் பெண்ணை மட்டும்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வாசித்தாள். கயிறு வந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

“கயித்திலயா பழகினவர்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். “எனக்குச் சொன்னவர், சின்னனில தங்கச்சிக்குப் பின்னிப் பழக்கம் எண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து யாரும் காணவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் வாசித்தாள். பிறகு கரைக்காரர் நின்ற பக்கம் போய், “வேற என்ன செய்தவர், சொல்லுங்கோ” என்று கேட்டாள். அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். வீட்டில் சாப்பாட்டுப் பந்தியிலும் அந்தப் பேச்சுத்தான். நானாவும் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னால் சோறு விழுங்க முடியவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் வந்து என் கையைப் பிடித்து, “அக்கா, நீங்கள் இவ்வளவு பேரிட்டயும் கேட்டு எழுதியிருக்கிறீங்கள்” என்று நன்றி சொன்னதும் எனக்குப் பொறுக்க முடியவில்லை. குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், கைப்பையைத் திறந்து அந்தப் பழைய புத்தகத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளைப் பேச விடாமல் அனுப்பினதையும் சொன்னேன்.

அவள் அந்த வரியை வாசித்தாள். பேரப்பிள்ளைகளையும் பூட்டப்பிள்ளைகளையும் கண்டு களித்து. ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசட்டும் என்று நின்றேன்.

“இதை எனக்குத் தாங்கோ அக்கா” என்றாள். “இவளின்ர பிள்ளையளையும் தாங்கியில வைச்சு ஓடுவன் எண்டு சொல்லிக்கொண்டிருந்த மனுசன். ஒரு தாளிலயாவது கிழவனா இருக்கட்டும்.”

புத்தகத்தை மடிக்காமல் தன் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள். நான் அந்தக் குசினியில் நிலத்தில் இருந்து அழுதேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் தந்தாள்.

அதற்குப் பிறகும் ஊரில் கல்வெட்டு எழுதுகிறேன். ஆனால் செத்த வீட்டில் போய் இருந்து, கரையில் போய் இருந்து, சண்டைக்காரனையும் தேடிப்போய்க் கேட்டுவிட்டுத்தான். மனுசன் இப்போது பகிடி விடுவதில்லை. கடிக்கிற நுளம்புக்குத் திரியும் கொளுத்திக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தி, “அதையும் போடும்” என்று சொல்லித்தருகிறார். அதுவும் ஒரு கரைச்சல்தான்.

போன வருசம் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்ட கையோடு ஒரு பெண்பிள்ளை நூலகத்துக்குள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். ஐந்தாம் வகுப்பு. தலையில் இரண்டு பின்னல். பைக்குள் இருந்து அந்தக் கல்வெட்டை எடுத்து விரித்து வைத்தாள். தாள் நைந்து, ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து.

“ஆன்ரி, இதில கன பிழை இருக்கு” என்றாள்.

 அவள் பென்சிலால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். வாடிச் சுவரில் முதலில் எழுதியிருந்தது ஆறு கிலோ இல்லை, ஐந்தே முக்கால், அவள் போய்ப் பார்த்தாளாம். கழுதை பழைய சவக்காலை வரைக்கும் போகவில்லை, பாதி வழியில் திரும்பிவிடும், அப்பா திரும்பவும் கூட்டிப் போவார், பக்கத்து வீட்டு மாமா சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை என்பது பிழை, பாலத்தடியில் “இறுக்கிப் பிடி” என்று ஒருதரம் சொன்னாராம், பின்னால் ஏறிப்போன அந்தச் சண்டைக்கார மாமாவே யோசித்துப் பார்த்துச் சொன்னார். இப்படிப் பதினொரு திருத்தம். எல்லாரிடமும் போய்க் கேட்டிருக்கிறாள், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாள், அப்பாவைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் தெரியாத அளவுக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“திருத்தி இன்னொருக்கா அடிக்க ஏலுமே?” என்று கேட்டாள்.

கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினேன், பேனையை எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரத்தை நினைக்கும்போதெல்லாம், என் எழுத்தில் பிழை பிடிக்க அவன் பிள்ளை வளர்ந்து வந்து நின்றாளே என்று இன்றைக்கும் எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு அடைக்கிறது.